பிக்கப் வண்டிக்கு பிரேக் வேலை: கடைக்குப் போகும் முன் வண்டிக்கு அடியில் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டியோடு வருகிற 108 பீஸ் டூல் செட்டை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். திறந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும், வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம் போட்டு வைத்திருப்பார்கள். அதில் பிரேக் வேலைக்கு உதவியது ஏழோ எட்டோதான், கண்டிப்பாகத் தேவைப்பட்ட ஒன்று அதில் இல்லவே இல்லை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒசூர் பக்கத்திலிருந்து பெங்களூர் கலாசிபாளையம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஓட்டுகிறவர், வண்டி பொலேரோ பிக்கப். ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை விட்டுவிட்டு, "மச்சான், பெடல் ரொம்பக் கீழ போகுது, பின்னாடி வீல் சிலிண்டர் கசியுது போல, நீதான் டூல்ஸ் எல்லாம் வாங்கி வெச்சிருக்கியே" என்றார். எனக்கும் பெருமைதான். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைக் கழற்றி, பிரேக் பைப் நட்டில் சாதாரண ஓப்பன் ஸ்பானரைப் போட்டு ஒரு இழு இழுத்தேன். நட் அசையவில்லை, அதன் ஆறு முனையும் வழுக்கி உருண்டையாகிவிட்டது. கடைசியில் பைப்பையே அறுத்து எடுத்து, புது பைப் வந்து மாட்டுவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது, இரண்டு நாள் லோடு போச்சு. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, தங்கச்சிதான் சொன்னாள்.

அந்த நட்டுக்கென்றே ஒரு ஸ்பானர் இருக்கிறது, சில நூறு ரூபாய். வண்டிக்கு அடியில் முன்பே ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்கவில்லை, வண்டிக்கு அடியில் தொடங்குகிறது.

முதல் வேலை: பேப்பர், பேனா, டார்ச்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு ஜாக்கி எதுவும் வைக்காமலே உள்ளே எட்டிப் பாருங்கள். பிக்கப் உயரமான வண்டி, சக்கரம் கழற்றாமலே பாதி விஷயம் தெரியும். நம் ஊர் பிக்கப்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்வி நிறுத்துவது), பின்னால் டிரம் (சுற்றுகிற கிண்ணத்துக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்துவது). உங்கள் வண்டியிலும் அப்படித்தானா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வேண்டிய சாமான்கள் வேறு வேறு.

பிறகு தெரிந்தவரிடம் நாலைந்து ஸ்பானர் இரவல் வாங்கி, திருகாமல், போல்ட் மேல் வைத்து மட்டும் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வீல் நட் (19, 21 அல்லது அதற்கு மேல், எல்லாம் மி.மீ. கணக்கு), பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரின் போல்ட் (12, 13, 14 அல்லது 17 இருக்கலாம்), காலிப்பர் பிராக்கெட் போல்ட் (பெரும்பாலும் 17 அல்லது 19), ஏர் எடுக்கிற நிப்பிள், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கின காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகு (8, 10 அல்லது 11), பைப் நட் (10 அல்லது 11). இந்த எண்களை என்னை நம்பி எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரே கம்பெனி ஒரே பேரில் விற்கிற வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் மாறும். சில காலிப்பர்களில் தலைக்குள் ஆறு முனை ஓட்டை உள்ள ஆலன் போல்ட் இருக்கும், அதற்கு ஸ்பானரே ஏறாது.

இன்னும் மூன்று விஷயம் பாருங்கள். தரையிலிருந்து சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரை எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஜாக்கி வாங்க அது தேவை. முன் டிஸ்க் ஹப்புக்கு (சக்கரத்தை மாட்டுகிற நடுப்பகுதி) வெளியே சொருகி நிற்கிறதா, அல்லது ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ போய் ஒரு வால்வில் முடிகிறதா என்றும் பாருங்கள். அதுதான் லோடு சென்சிங் வால்வு, சரக்கு இருக்கும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது, காலி வண்டியில் குறைப்பது. அது பின்னால் ஏர் எடுக்கும்போது ஒரு வேடிக்கை காட்டும், அங்கே சொல்கிறேன்.

தூக்குவதும் தாங்குவதும்

காசை முதலில் இங்கே போடுங்கள். ஸ்பானர் மட்டமாக இருந்தால் நட் போகும், ஜாக்கி மட்டமாக இருந்தால் ஆள் போவான்.

வண்டியோடு வருகிற பாட்டில் ஜாக்கி நடுரோட்டில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்ற. அதன் தலை சின்னது, அடிப்பாகமும் சின்னது, பெங்களூர் தெருக்களில் ஸ்லாப் மேலும் சாய்வான கான்கிரீட் மேலும் அது நேராக நிற்பதே அபூர்வம். வீட்டில் பிரேக் வேலை பார்ப்பதென்றால் 3 டன் டிராலி ஜாக்கி நல்லது. ஆனால் காருக்கென்று விற்கிற தாழ்வான டிராலி ஜாக்கி பிக்கப்புக்கு எட்டாது, முழுக்கத் தூக்கினாலும் டயர் தரையை விட்டு எழும்பாமல் நிற்கும். காரணம், சேசிஸில் வைத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் தொங்கத் தொங்கச் சக்கரம் கீழேயே இருக்கும். நீங்கள் அளந்த சேசிஸ் உயரத்தோடு ஒரு சாண் சேர்த்துக்கொண்டு, ஜாக்கியின் அதிகபட்ச உயரம் அதைத் தாண்டுகிறதா என்று பெட்டி மேல் பாருங்கள். பின்பக்கம் பிரச்சினை இல்லை, லீஃப் ஸ்பிரிங் பக்கத்தில் ஆக்சில் குழாய்க்கு அடியிலேயே வைத்துத் தூக்கிவிடலாம், கொஞ்சம் தூக்கினாலே போதும்.

ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் சீல் எண்ணெயை விட்டுவிட்டால் வண்டி இறங்கிவிடும். ஒரு கடையில் மலிவாக வாங்கின ஜாக்கி ஒன்று என்னிடம் இருந்தது, ராத்திரி தூக்கி வைத்தால் காலையில் நாலு விரல் இறங்கியிருக்கும். அதனால் ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள், 3 டன், பல் வைத்துப் பூட்டுகிற வகை, கூடவே பின் சொருகுகிற வசதி இருந்தால் இன்னும் நல்லது. செங்கல், ஹாலோ பிளாக், தேங்காய் மட்டை, ஸ்டெப்னி ரிம் இதெல்லாம் முட்டுக்கொடுக்கிற சாமான் இல்லை. ஹாலோ பிளாக் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரே நொடியில் பொடியாகும். தரை மண்ணாகவோ ஓட்டை ஸ்லாப்பாகவோ இருந்தால் தடித்த பிளைவுட் துண்டு போட்டு அதன் மேல் வையுங்கள். சரக்கை இறக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் "இருபது கிரேட்தானே, இருக்கட்டும்" என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார், அதனால் சொல்கிறேன்.

பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் போட்டும் பயனில்லை. பல பிக்கப்களில் அது பின் டிரம்மில்தானே வேலை செய்கிறது, அதைத்தானே கழற்றப்போகிறோம்! முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. லாரிக்காரர்கள் வைத்திருக்கிற முக்கோண மரக்கட்டை போதும், மரப்பட்டறையில் சொல்லி அறுத்து வாங்கினால் சல்லிக்காசு.

சாக்கெட்: ஆறு முனை, அவ்வளவுதான்

கடையில் சாக்கெட் கேட்டால் பன்னிரண்டு முனை உள்ளதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், சுலபமாக எந்தக் கோணத்திலும் மாட்டும் என்பார்கள், உண்மைதான். ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் அது முனையை மட்டும் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கத்தையே பிடிக்கும், வழுக்காது. பிரேக் வேலைக்கு ஆறு முனைதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள். அரை இஞ்ச் டிரைவில் (கைப்பிடி மாட்டுகிற சதுர ஓட்டையின் அளவு அது), நீங்கள் குறித்துவந்த அளவுகளில் மட்டும், தனித்தனியாக வாங்கினால் செட் விலையில் பாதிகூட ஆகாது. காலிப்பர் போல்ட்டுக்கு ஒன்றிரண்டு நீள சாக்கெட், ஒரு எக்ஸ்டென்ஷன்.

ராட்செட் வேண்டும், ஆனால் அதை வைத்து இறுகிப்போன போல்ட்டை உடைத்து எடுக்காதீர்கள், உள்ளே இருக்கிற பல் சின்னது. அதற்கு நீள டி ராடு அல்லது தலை ஆடுகிற நீளக் கைப்பிடி. நம் மெக்கானிக்குகள் எல் ராடில் ஜி.ஐ. பைப்பைச் சொருகி மிதிப்பார்கள். கழற்றும்போது அது சரி, பைப் மாட்டுவதற்கு முன்னால் துருவுக்கான ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள், டீ குடித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். திருப்பி முடுக்கும்போது பைப் மாட்டி மிதிப்பதுதான் கெடுதல், அது ஏன் என்று பின்னால் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ரிங் ஸ்பானர் ஒரு செட், 8 முதல் 19 வரை, டபாரியா மாதிரி நாடு முழுவதும் கிடைக்கிற பிராண்டில் வாங்குங்கள், அது நம் ஆயுளுக்கு வரும். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கிறதா, ரிங்கின் உள் முனைகள் கூர்மையாகச் செதுக்கியிருக்கிறதா, புது போல்ட்டில் மாட்டினால் லொடலொடக்காமல் உட்காருகிறதா என்று பாருங்கள். கடைக்குப் போகும்போது பையில் ஒரு புது 17 போல்ட்டைப் போட்டுக்கொண்டு போவேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

என் மானத்தை வாங்கின ஸ்பானர்

பிரேக் பைப் நட் மெல்லிய, மிருதுவான நட். அதன் நடுவே இரும்புக் குழாய் போவதால் ரிங் ஸ்பானரை மேலிருந்து மாட்ட முடியாது. ஓப்பன் ஸ்பானர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், அழுத்தம் கூடினால் வாய் விரியும், நட் உருளும். இதற்குத்தான் ஃப்ளேர் நட் ஸ்பானர். ரிங் ஸ்பானரில் ஒரு பக்கம் குழாய் நுழையும் அளவுக்கு வெட்டி எடுத்தால் எப்படி இருக்கும், அதுதான். ஐந்து பக்கத்தையாவது பிடிக்கும். ஜே.சி. ரோட்டில் "பிரேக் பைப் ஸ்பானர்" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். 10க்கு 11 என்று இரண்டு முனையும் உள்ள ஒன்றே பெரும்பாலான பிக்கப்புக்குப் போதும்.

மெலிந்த ஸ்பானராக வாங்காதீர்கள், வாய் அகலமாக, சதைப்பற்றாக இருக்க வேண்டும். மெலிந்தது விரிந்தால் ஓப்பன் ஸ்பானருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. நட்டைச் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டு, துருவுக்கான ஸ்பிரே அடித்து, முதலில் கொஞ்சம் முடுக்குகிற திசையில் ஒரு தட்டு, பிறகு கழற்றுகிற திசையில். நட்டோடு சேர்ந்து குழாயும் திருகுகிறதா என்று கண்ணை அங்கேயே வையுங்கள், திருகினால் நிறுத்துங்கள். குழாய் முறுக்கிக்கொண்டால் அன்றைக்கு வேலை முடிந்தது.

கழற்றிய பைப் நுனிக்கு மாட்ட ரப்பர் மூடி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஹோஸை வைஸ் கிரிப் போட்டு நசுக்கி ஆயிலை நிறுத்துகிற பழக்கம் வேண்டாம், ஹோஸின் உள் அடுக்கு கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

முன்னால்: டிஸ்க்

பேட் மாற்றுவது மட்டுமென்றால் சாமான் பட்டியல் சின்னது. காலிப்பர் போல்ட்டைக் கழற்றினதும் காலிப்பரைக் கட்டுக்கம்பியில் சுருள் ஸ்பிரிங்கிலோ சேசிஸிலோ கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பிக்கப் காலிப்பர் கனமானது.

பிஸ்டனை உள்ளே தள்ள 6 இஞ்ச் சி கிளாம்ப் ஒன்று போதும், பழைய பேடை நடுவே வைத்துத் தள்ளுங்கள். இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒன்றைத் தள்ளினால் மற்றது வெளியே வரும், தட்டையான இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து இரண்டையும் சேர்த்துத் தள்ள வேண்டும். ஆன்லைனில் பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்புகிற பெரிய பெட்டி ஒன்றை விற்கிறார்கள், அது பின்னாலும் டிஸ்க் இருந்து ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் இருக்கிற கார்களுக்கு. பின்னால் டிரம் இருக்கிற பிக்கப்புக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தள்ளுவதற்கு முன்னால் மேலே பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். யாராவது நடுவில் ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் பிஸ்டன் உள்ளே போகப் போக அது வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். பெரிய சிரிஞ்ச் ஒன்று மருந்துக்கடையில் வாங்கிவைத்தால் உறிஞ்சி எடுக்கலாம், மலிவான சாமான்தான் என்றாலும் டூல் பாக்ஸில் ரொம்ப மரியாதையான ஆள் அது.

காலிப்பர் முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடு பின்னுக்குச் சாதாரண வீல் பேரிங் கிரீஸ் போடக் கூடாது, அதில் இருக்கிற பெட்ரோலிய எண்ணெய் ரப்பர் பூட்டை ஊதவைக்கும். சிலிகான் கிரீஸ் அல்லது பிரேக்குக்கென்றே விற்கிற கிரீஸ். துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரே. டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அது பேடுக்குப் பகை.

டிஸ்க்கும் மாற்ற வேண்டுமென்றால் அடியில் பார்த்தது இப்போது உதவும். சொருகி நிற்கிற டிஸ்க் என்றால் சுத்தியால் தட்டி எடுத்துவிடலாம். ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டதென்றால் ஹப்பையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். கிரீஸ் மூடி, ஸ்பிளிட் பின், பெரிய ஹப் நட், டேப்பர் பேரிங் எல்லாம் கழற்றி, திரும்ப மாட்டும்போது பேரிங்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை இதைத் தனியாகச் செய்யாதீர்கள், செய்து பழகின ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பின்னால்: டிரம்

டிரம்தான் பொறுமையைச் சோதிக்கும். முதலில் அது கழன்றே வராது. ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஷூவை அட்ஜஸ்டரில் தளர்த்திய பிறகு, டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பல டிரம்களில் இருக்கும், 8 மி.மீ. போல்ட் ஏறும். இரண்டு போல்ட்டை மாற்றி மாற்றி அரை அரைச் சுற்றாக முடுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சுத்தியால் ஓரத்தில் ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் போச்சு. ஓட்டையில் அழுக்கு அடைத்திருந்தால் அந்த அளவு மரை வெட்டுகிற டேப் ஒன்று வைத்து மரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

திறந்தவுடன் ஊதாதீர்கள். ஏர் பிரஷர் அடிக்கிற ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி நனைத்துத் துடைப்பது உத்தமம். முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, ஸ்பிரிங் தெறிக்கும்போது கண்ணாடியின் அருமை தெரியும்.

ஸ்பிரிங் என்றதும் பிரேக் ஸ்பிரிங் பிளேயர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது இருந்தால் மூன்று நிமிஷ வேலை, இல்லாமல் கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூ டிரைவருமாகப் போராடினால் அரை மணி நேரமும் விரலில் ஒரு காயமும். வருஷத்துக்கு ஒரு தடவை டிரம் திறப்பவர் இதை வாங்கத்தான் வேண்டுமா? என் கணக்கில் வேண்டும், விலை பெரிதில்லை. ஷூவைப் பிடித்து நிறுத்துகிற சின்னக் கிண்ண ஸ்பிரிங்கை அழுத்தித் திருப்ப ஒரு கைப்பிடி வரும், அதற்குப் பதில் சாதாரண கொறடே போதும், அது அவசியமில்லை.

டூல் இல்லாத யோசனை ஒன்று: ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கம் அப்படியே இருக்கட்டும், எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்ற சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருக்கும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்.

அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், டிரம்மில் அதிகபட்ச உள் விட்டம். இந்த எண்ணைத் தாண்டினால் கடைசல் பிடித்தும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். தாண்டாமல் இருந்தால் புது டிஸ்க்குக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, தடிமனை அளக்கிற வெர்னியர் இங்கேதான் போட்ட காசைத் திருப்பித் தரும்.

ஒரு தந்திரம் உண்டு. ஓடின டிஸ்க்கின் விளிம்பில் தேயாத ஒரு வரம்பு நிற்கும், வெர்னியரின் வாய் அந்த வரம்பில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் வரம்பைத் தாண்டி உள்ளே வைக்கலாம். இல்லையென்றால் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து மொத்தமாக அளந்து, பிறகு இரண்டு நாணயத்தையும் சேர்த்துத் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். பேடில் இரும்புத் தட்டை விட்டுவிட்டு லைனிங் மட்டும் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவேன். டிரம்மின் உள் விட்டத்தை அளக்கப் பெரிய அளவுகோல் வேண்டும், அதை நாம் வாங்க வேண்டாம், லேத் பட்டறையில் கொடுத்தால் அளந்து சொல்வார்கள்.

ஆயிலும் ஏரும்

டப்பா மூடியில் எந்த டாட் (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு, DOT) என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. இந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் 3.7 சதவீதம் ஏறின நிலையில் இந்த எண்கள் 140க்கும் 155க்கும் இறங்கிவிடும். சரக்கோடு 3 டன் எடையுள்ள பிக்கப்பை மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற அளவு சூடு பிரேக்கில் பிறக்கிறது. இங்கிருந்து சேலம் போகிறவர்களுக்கு தொப்பூர் கணவாய் இறக்கம் தெரியும், அங்கே ஒரு தடவையோடு நிற்காது. கொதித்த ஆயில் ஆவியாகி, ஆவி அழுங்கி, பெடல் தரையைத் தொடும். ஆகவே உடைத்துவைத்து ஆறு மாசம் ஆன டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள், சின்ன டின் வாங்கி மிச்சத்தை மறந்துவிடுங்கள். சிலிகான் வகையான டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

ஏர் எடுக்க விலை உயர்ந்த வேக்யூம் பம்ப் தேவையில்லை. நிப்பிளில் இறுக்கமாக உட்காருகிற தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் (மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும், உள் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்), ஒரு கண்ணாடி பாட்டில், நிப்பிள் அளவுக்கு ஒரு ரிங் ஸ்பானர், பெடல் மிதிக்க ஒரு ஆள். பாட்டிலில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி குழாய் நுனியை அதில் மூழ்க வையுங்கள். "மிதி" என்றதும் மிதித்துப் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும், மூடின பிறகுதான் "விடு". இந்த வரிசை மாறினால் வெளியே போன ஏர் திரும்ப உள்ளே வரும். குமிழி நிற்கும்வரை. நடுநடுவே மேலே டப்பாவைப் பாருங்கள், காலியானால் முதலிலிருந்து.

பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள், அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டரில் இத்தனை வருஷம் பிஸ்டன் போகாத இடத்தில் துருவும் கசடும் இருக்கும், ரப்பர் கப் அங்கே போய் உரசினால் மாஸ்டர் சிலிண்டரும் செலவில் சேரும். இது தெரியாமல் நல்ல மாஸ்டர் சிலிண்டர்கள் நிறையப் போயிருக்கின்றன.

வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவோம், நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது. கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் கையேடு சொல்வதுதான். இப்போது அந்த லோடு சென்சிங் வால்வு. சேசிஸில் ஸ்டாண்டு வைத்து ஆக்சில் தொங்கும்போது, வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொண்டு பின்னால் போகிற ஆயிலைச் சுருக்கிவிடும், எவ்வளவு மிதித்தாலும் நிப்பிளில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆளுக்கு ஆள் சிலிண்டரைச் சந்தேகப்படுவார்கள். ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வைத்து வண்டியின் எடையை ஸ்பிரிங் மேல் உட்கார வைத்தால் ஒழுங்காக வரும்.

டார்க் ரெஞ்ச்: கணக்கு போடுகிறேன் என்றேனே

70 கிலோ ஆள் 60 சென்டிமீட்டர் பைப் நுனியில் ஏறி நின்றால் போல்ட்டில் விழுவது 400 நியூட்டன் மீட்டருக்கு மேல். பல பிக்கப்களின் வீல் நட்டுக்குக் கம்பெனி கேட்பது அதில் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் ஸ்டட்டை இழுத்து மெலிக்கவும், டிஸ்க்கைக் கோணவைக்கவும்தான் போகிறது. காலிப்பர் ஸ்லைடு போல்ட்டுக்கு வீல் நட்டைவிட மிகக் குறைவு, அங்கே இதே காலைப் போட்டால் மரை அழிந்துவிடும்.

அரை இஞ்ச் டிரைவ், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளவு காட்டுகிற, நாம் வைத்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் வருகிற டார்க் ரெஞ்ச் ஒன்று போதும், சில ஆயிரம் ஆகும். சின்ன காலிப்பர் போல்ட்டுக்கு அது பெரிதாகத் தெரிந்தால் நண்பரிடம் சின்னது இரவல் வாங்குங்கள். பழைய மெக்கானிக் "பத்து கிலோ முடுக்கு" என்றால் அவர் சொல்வது கிலோகிராம்-மீட்டர் கணக்கு, 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சைப் போல்ட் கழற்றப் பயன்படுத்தாதீர்கள், வேலை முடிந்ததும் அளவை அதில் இருக்கிற குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கிவைத்துப் பெட்டியில் போடுங்கள், இல்லையென்றால் உள் ஸ்பிரிங் சோர்ந்து பொய் சொல்லத் தொடங்கும். காலிப்பர் போல்ட் தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் அதே அளவு பார்த்து வாங்கிப் போடவும் கூடாது, தலையில் 8.8, 10.9 என்று இருக்கிற எண் அதன் வலு, ஒரிஜினலையே வாங்குங்கள்.

எங்கே, எந்த வரிசையில்

ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜே.சி. ரோடு, டூல்ஸுக்கு எஸ்.பி. ரோடு. இரண்டும் நடக்கிற தூரம்தான், வண்டியை எடுத்துப்போனால் நிறுத்த இடம் தேடியே சாயங்காலம் ஆகும், பஸ்ஸில் போங்கள். கன்னடத்தில் தொடங்கினால் தமிழிலோ உருதுவிலோ முடிகிற கடைகள் அவை, "எஷ்டு அண்ணா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் நேரம் சும்மா நின்றால் விலை இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கே.ஆர். மார்க்கெட் பக்கத்துப் பழைய சாமான் சந்தையில் நல்ல பழைய ரிங் ஸ்பானர், சி கிளாம்ப், சுத்தி கிடைக்கும். ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் மூன்றையும் அங்கே வாங்காதீர்கள், உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாத சாமான்கள் அவை.

கையில் காசு கம்மியா? ஸ்டாண்டு, பைப் ஸ்பானர், நான்கைந்து ஆறு முனை சாக்கெட், சி கிளாம்ப், கம்பி பிரஷ், குழாய். ஜாக்கியும் டார்க் ரெஞ்சும் இரவல். அடுத்த மாசம் டார்க் ரெஞ்ச், அதற்கடுத்து வெர்னியர். இதில் எங்கேயும் 108 பீஸ் பெட்டி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். என் பெட்டியை மாப்பிள்ளை பையன் விளையாட எடுத்துக்கொண்டான்.

வண்டியை எடுக்கும் முன்

சக்கரம் மாட்டி, இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, இன்ஜினைப் போடாமல் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதி ரொம்பக் கீழே போகும், பேட் டிஸ்க்கைத் தொட வேண்டுமல்லவா. கெட்டியான பிறகு, பெடலை மிதித்தபடியே இன்ஜினைப் போட்டால் பெடல் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், அது பூஸ்டர் (மிதிக்கிற விசையைக் கூட்டிக் கொடுப்பது) வேலை செய்கிற அடையாளம். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிஷம் உட்காருங்கள், இன்னொருவர் நாலு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்துக் கசிவு பார்க்கட்டும். பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் சாவியை எடுத்துவிட்டு வண்டியை விட்டு இறங்குங்கள்.

அதற்குப் பிறகு காலை 5 மணிக்கு, காலி வண்டியோடு, ஆள் இல்லாத சர்வீஸ் ரோட்டில் 50லிருந்து 10 வரை மெதுவாக எட்டுப் பத்து தடவை வேகத்தைக் குறையுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறுவதற்கு நேரம் கொடுத்து. சூட்டோடு முழுக்க நிறுத்தி பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். லோடு ஏற்றுவது அதற்கு மறுநாள். அத்திப்பள்ளி தாண்டி ஒரு ட்ரிப் போய்வந்ததும், டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு வீல் நட்டுகளை இன்னொரு தடவை சுற்றி வாருங்கள், ஒன்றிரண்டாவது கால் திருப்பு ஏறும்.